வயதை வாங்குவதா, வளர்ப்பதா?

சேரப்பணஞ்சேரி வட்டாரத்துக்குப் பிரான்சு தூரத்து ஊர் அல்ல. பக்கத்து ஒரகடத்தில் ரெனோ கார் ஆலை, ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை, இரண்டும் பிரெஞ்சு நிறுவனங்களுடையவை. வேலை நிமித்தம் பிரான்சு போய் வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 750 மி.லி. கணக்கில் அது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின். எதை வாங்குவது, எங்கே வைப்பது?

இளம் ஒயினை வாங்கி வீட்டில் முதிரவிடலாம். அங்கேயே முதிர்ந்ததையும் வாங்கலாம். ஒயின் நிதானமாக முதிர 12, 13 டிகிரி குளிர்ச்சியும் 70 சதவீதத்தையொட்டிய ஈரப்பதமும் வேண்டும். இங்கே மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். தை மாத இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 30 டிகிரியில் மாதக்கணக்கில் கிடக்கும் ஒயின் வெந்துபோகிறது. பழ வாசனை மங்கும், திரவம் விரிந்து தக்கையைத் தள்ளும், காற்று புகும்.

சரியான குளிர்பெட்டி இல்லாதவர் வயதை விலைகொடுத்து வாங்குவதே நல்லது.

எங்கே வைப்பது?

சமையலறை ஃபிரிட்ஜ் சில வாரங்களுக்குப் போதும். அதன் வறண்ட குளிர் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தக்கை காய்ந்து சுருங்கும். இரவில் மட்டும் ஏசி ஓடும் அறை அதைவிட மோசம், தினமும் வெப்பம் ஏறி இறங்கும். ஒயினுக்கென்றே விற்கும் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை சத்தமில்லாதது, விலையும் குறைவு. ஆனால் அறை வெப்பத்திலிருந்து 15, 20 டிகிரிதான் இறக்கும். கோடையில் அது தோற்றுவிடும். கம்ப்ரஸர் வகையே இங்கு சரி. அதிலும் காலநிலை வகுப்பைப் பார்க்க வேண்டும்: ‘என்’ வகுப்பு 32 டிகிரி வரை, ‘எஸ்டி’ 38 வரை, ‘டி’ 43 வரை தாங்கும். ஒரகடத்துக்கு ‘டி’. பாட்டிலைப் படுக்கவைத்தால்தான் தக்கை நனைந்தபடி இருக்கும்.

எதை வாங்குவது?

போர்தோவின் மெடாக் பகுதி ஒயினில் கேபர்நே சோவிஞ்ஞோன் திராட்சை மேலோங்கும். துவர்ப்பு மிகுந்தது, நெடுநாள் தாங்கும். 1855ஆம் ஆண்டின் தரவரிசை அதன் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்தது. முதல் படியின் விலை எட்டாது. நான்காம், ஐந்தாம் படிகளில் தேடலாம். 2005, 2009, 2010, 2016 ஆகியவை பேர்பெற்ற ஆண்டுகள். பர்கண்டியின் பினோ நுவார் மெல்லிய தோல் திராட்சை. மணத்தில் நுட்பமானது, வெப்பத்தில் சீக்கிரம் நலியும். வடக்கு ரோன் பகுதியின் எர்மிதாஜ், சிரா திராட்சையில் செய்வது, போர்தோவைப் போலவே திடமானது. நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளிவரும் பொஜோலே நுவோ சில மாதங்களில் குடித்துவிடுவதற்கானது.

புதுச்சேரியில் வாங்கி உரிமமின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். எங்கு வாங்கினாலும் மூன்றைக் கவனிக்க வேண்டும்: கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கியிருக்கிறதா, தக்கை உப்பியிருக்கிறதா, லேபிளில் ஒழுகிய கறை உண்டா.

எப்படிச் சுவைப்பது?

ஒயினின் பயணக் களைப்பு தீர ஓரிரு வாரம் விட்டு, திறப்பதற்கு முந்தைய நாள் பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். ‘அறை வெப்பத்தில் பரிமாறு’ என்ற அறிவுரை ஐரோப்பியக் குளிர் அறைக்கானது. இங்கே ஃபிரிட்ஜில் வைத்து 17 டிகிரிக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் ஆல்கஹால் நெடிதான் முன்னே வரும். முதிர்ந்த ஒயினின் ஓரம் செங்கல் நிறம் காட்டும். கருந்திராட்சை மணம் பின்வாங்கி, தேவதாரு, புகையிலை, தோல், ஈரமண் வாசனைகள் எழும். மிளகாய்க் காரம் துவர்ப்பைக் கூட்டிக் காட்டும் என்பதால், காரம் குறைத்து வறுத்த ஆட்டுக்கறி பொருந்தும்.

இரண்டு பாட்டிலும் ஒரே தோட்டம், ஒரே ஆண்டாக இருப்பது நல்லது. முதலாவதில் துவர்ப்பு இன்னும் நாவைப் பிடித்தால், இரண்டாவதைக் கம்ப்ரஸர் பெட்டியில் மூன்று நான்கு ஆண்டு விடலாம். துவர்ப்பு கரைந்து பழச்சுவையும் மெலிந்திருந்தால், அடுத்த கோடைக்கு முன் திறந்துவிட வேண்டும்.