ஹெட்போன் வழியே காட்டொலி கேட்டல்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டாகப் பிளந்து நிற்பதை யாவரும் அறிவர். சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இவ்விடைவெளிக்கு வடக்கே அமைதிப் பள்ளத்தாக்கும் நீலகிரியும் உள்ளன. தெற்கே நெல்லியாம்பதி, பறம்பிக்குளம், அவற்றிற்கும் அப்பால் இடுக்கி மாவட்டத்தின் மறையூர், சின்னாறு, இரவிகுளம், மூணாறு ஆகியவை அமைந்துள்ளன. தென்னிந்தியாவிலேயே உயர்ந்ததாகிய ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்தில் இப்பக்கத்தில்தான் நிற்கிறது. இம்மலைகளில் பணிபுரியும் வனத்துறையினரும், எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களும் இந்நாளில் காட்டின் ஒலிகளைப் பதிவு செய்து கேட்டு ஆராயும் வேலையில் ஈடுபடுகின்றனர். பதிவுக் கருவியைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். பதிந்ததைக் கேட்கும் ஹெட்போனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டால் நல்லொலி தானே வந்துவிடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். அவ்வெண்ணம் சரியன்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒலியை ஆராய்வதால் ஆகும் பயன் யாது? கணவாய்க்கு வடக்கேயும் தெற்கேயும் உயர்ந்த சோலைக் காடுகளில் வாழும் பறவைகள் நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்வதால் வேறு வேறு இனங்களாகிவிட்டன. வடக்கே நீலகிரிச் சிரிப்பானும் தெற்கே பழனிச் சிரிப்பானும் உள்ளன. அவ்வாறே சோலைக்கிளி எனப்படும் பறவையிலும் வடக்கே ஓர் இனமும் தெற்கே வெண்வயிற்று இனமும் உண்டு. (பெயரில் கிளி இருப்பினும் இது கிளியன்று, தரையோரப் புதர்களில் மறைந்து திரியும் சிறு பாடும் பறவை.) இவ்விரு பறவைக் கூட்டங்களையும் தனிப் பேரினங்களாக 2017 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வகுத்தனர். 1933 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைச் சாலிம் அலி கணக்கெடுத்தபொழுது கண்ணும் துப்பாக்கியுமே கருவிகள். இன்றோ புதருக்குள் மறைந்த பறவையை அதன் குரல் கொண்டே பெரும்பாலும் பதிவேட்டில் ஏற்றுகிறோம். ஆகவே கேட்பவரின் செவியில் விழாத குரல் பதிவேட்டிலும் விழாது. “இவ்விடத்தில் இல்லை” என்று எழுதப்படும் உயிர், உண்மையில் அங்கே இருந்தும் நம் ஹெட்போன் விழுங்கிவிட்டதாக இருக்கலாம்.

இதற்கு எடுத்துக்காட்டு தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அமைதிப் பள்ளத்தாக்கிற்கு அப்பெயர் வந்தது அங்கே சில்வண்டுகளின் இரைச்சல் இல்லாமையால் என்று பலரும் எழுதி வந்துள்ளனர். ஆயினும் அங்கே சில்வண்டுகள் உண்டு. கேட்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

இனிக் கருவிக்கு வருவோம். ஹெட்போன் பழைய கருவியே. அமெரிக்காவில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் 1910 ஆம் ஆண்டில் கடற்படைக்காகச் செய்தளித்த கருவி புகழ் பெற்றது. ஜெர்மனியில் பேயர் நிறுவனம் 1937 இல் வெளியிட்ட டி.டி. 48, இன்று நாம் அணியும் வகைக்கு முன்னோடி. அவ்வகையின் அமைப்பு எளிது. ஒரு மெல்லிய சவ்வின் பின்புறம் கம்பிச் சுருள் ஒட்டப்பட்டு, நிலைக் காந்தத்தின் இடைவெளியில் தொங்குகிறது. சுருளில் மாறும் மின்னோட்டம் பாய, அது முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. இதையே தலைகீழாகவும் நடத்தலாம். ஹெட்போனின் முளையைப் பதிவுக் கருவியின் மைக்ரோபோன் துளையில் செருகி அதன் முன் பேசினால், சவ்வின் அசைவு மின்னோட்டமாக மாறிப் பேச்சு பதிவாகும். வகுப்பில் மாணவர் இதனைக் கண்டு வியக்காமல் இருப்பதில்லை.

கருவி எதுவாயினும் அது செவியுடன் சேர்ந்தே ஒலிக்கிறது. செவித்துளை ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அத்தகைய குழாயில் ஒத்ததிர்வு ஏற்படும் அலையின் நீளம் குழாயின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு, அதாவது 10 சென்டிமீட்டர். ஒலியின் வேகத்தை வினாடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால் அதிர்வெண் 3,400 ஹெர்ட்ஸ் ஆகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாக இருப்பது இதனருகில்தான். பெரும்பாலான பறவைப் பாடல்கள் 1,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவதால் அவை நமக்கு எளிதாகக் கேட்கின்றன. தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு இச்சலுகை இல்லை.

தாழ்ந்த சுருதியைக் காப்பது காற்றுப் புகாத பொருத்தமே. மூடிய வகை ஹெட்போனில் சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையே சிறு காற்றறை அமைகிறது. அவ்வறையின் காற்று வெளியே கசிந்தால், மெதுவாக மாறும் அழுத்தம் செவியை எட்டுமுன் கசிவின் வழியே தீர்ந்துவிடும். விரைவாக மாறும் உயர்ந்த ஒலிக்கு அவ்வளவு கேடில்லை. ஆகவே கசிவுள்ள ஹெட்போன் நீலகிரிக் காட்டுப்புறாவின் ஆழ்ந்த குரலையும் ஆந்தையின் உறுமலையும் இழந்துவிட்டு, சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையை மட்டும் நன்றாகத் தரும். இதைச் சோதிக்க 100 ஹெர்ட்ஸ், 1,000 ஹெர்ட்ஸ் ஆகிய இரு சுரங்களை அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, மெத்தைக்கும் கன்னத்திற்கும் இடையே ஒரு பென்சிலை நுழைத்துப் பாருங்கள். முதற்சுரம் சட்டென மங்குவதையும் இரண்டாவது பெரிதும் மாறாதிருப்பதையும் உணரலாம். மூக்குக் கண்ணாடியின் காம்பு நாள்தோறும் செய்வது அப்பென்சிலின் வேலையே. மெல்லிய காம்புள்ள கண்ணாடி அணிதல், கேட்கும் வேளையில் அதனைச் சற்று உயர்த்திக் கொள்ளுதல், காதோர முடியை ஒதுக்குதல் ஆகிய சிறு செயல்கள், பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் கருவியைவிட அதிக மாற்றத்தைத் தரும்.

மெத்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தலையில் தேய்க்கும் தேங்காயெண்ணெயும் வியர்வையும் செயற்கைத் தோல் மெத்தையை நாளடைவில் வெடிக்கச் செய்கின்றன; மழைக்காலத்தின் ஈரம் பூஞ்சையை வளர்க்கிறது. உள்ளே இருக்கும் நுரை அமுங்கிப் போனால் சவ்வு செவிக்கு நெருங்கி, ஒலியின் தன்மையே வேறாகும். எனவே மெத்தை தேய்ந்தவுடன் மாற்றிவிடுதல் நன்று. இதற்குச் செலவிட மனமில்லாதவர் சிலர், தங்கம் பூசிய இணைப்புக் கம்பிக்குப் பணத்தை வாரி இறைப்பதைக் காண்கிறோம். மூன்று மீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை சாதாரணமாக ஓர் ஓமுக்கும் குறைவே. 300 ஓம் கொண்ட ஹெட்போனுடன் ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

மின்மறுப்பு என்பது வேறு செய்தி. அது கணக்கில் வரும். ஒரே மாதிரி ஹெட்போன் 32, 80, 250 ஓம் எனப் பல வகைகளில் விற்கப்படுவதுண்டு. பதிவுக் கருவி ஒரு வோல்ட் தருமானால், 32 ஓம் கருவி பெறுவது 31 மில்லிவாட். 300 ஓம் கருவி பெறுவது 3 மில்லிவாட்டுக்குச் சற்று அதிகம். ஆகவே உயர்ந்த மின்மறுப்புள்ள கருவி, சிறிய பதிவுப் பெட்டியிலோ கைப்பேசியிலோ செருகப்படும்பொழுது ஒலி குன்றித் தோன்றலாம். அது கருவியின் குற்றமன்று. தனி மின்பெருக்கி ஒன்றை இடையில் சேர்த்தால் தீரும். காட்டிற்கு எடுத்துச் செல்வதற்குக் குறைந்த மின்மறுப்புள்ளதே ஏற்றது. ஒலிப்பதிவாளர் பலர் நெடுங்காலமாகக் கையாளும் சோனி எம்.டி.ஆர். 7506 என்பது 63 ஓம் கொண்டது.

மின்பெருக்கியின் வெளியீட்டு மின்தடையையும் நோக்க வேண்டும். ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாயிராது. தாழ்ந்த சுருதியில் ஓரிடத்தில் உயர்ந்து நிற்கும். பெருக்கியின் மின்தடை 120 ஓம் என்றும், ஹெட்போன் பொதுவாக 32 ஓமும் தாழ்ந்த சுருதியில் 80 ஓமும் கொண்டதென்றும் வைத்துக்கொள்வோம். முதலிடத்தில் மின்னழுத்தத்தின் 152 இல் 32 பங்கும், இரண்டாமிடத்தில் 200 இல் 80 பங்கும் ஹெட்போனை அடைகின்றன. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சுமார் 5.6 டெசிபெல். அதாவது காட்டில் இல்லாத ஒரு முழக்கம் நம் மேசையில் உண்டாகிறது. 300 ஓம் கருவி அங்கே 500 ஓமுக்கு உயர்வதாயின் இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு டெசிபெல் மட்டுமே. பெருக்கியின் மின்தடை ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்பது கைக்கொள்ளத்தக்க வழக்கு.

பின்புறம் திறந்த வகை ஹெட்போனும் உண்டு. ஜெர்மானிய நிறுவனமாகிய சென்ஹைசர் 1968 இல் வெளியிட்ட எச்.டி. 414 இவ்வகையைப் பரப்பியது. ஒலி விரிந்து இயல்பாகத் தோன்றுவதால், அமைதியான அறையில் நெடுநேரம் கேட்டு ஆராய இதுவே சிறந்தது. காட்டில் இது உதவாது. வெளியே கசியும் ஒலி மைக்ரோபோனில் மீண்டும் புகுந்து ஊளையிடும். அங்கே மூடிய வகையே வேண்டும்.

மூடிய வகையால் வரும் ஆபத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் பறம்பிக்குளத்துப் பாதைகளிலும் யானை நடமாட்டம் உண்டு. யானைகள் நம் செவிக்கு எட்டாத, 20 ஹெர்ட்ஸுக்கும் தாழ்ந்த ஒலியால் பேசிக்கொள்கின்றன என்பதைக் கேட்டி பெய்ன் என்ற அம்மையார் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் ஆசிய யானைகளிடம் கண்டறிந்தார். அவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1986 இல் அதனை வெளியிட்டனர். அம்முழக்கத்தின் மேற்சுரங்களை நல்ல பொருத்தமுள்ள ஹெட்போனில் கேட்கவும் கூடும். ஆனால் மூங்கில் முறியும் ஓசை பின்னால் கேட்கவேண்டிய வேளையில் காதை மூடிக்கொண்டு நடப்பது அறிவுடைமை ஆகாது. நின்ற இடத்தில், அருகில் ஒருவரைக் காவல் வைத்துக்கொண்டே ஹெட்போனை அணிய வேண்டும். நடக்கும்பொழுது அது கழுத்தில் இருக்கட்டும்.

ஒலியளவைப் பொறுத்தவரை, உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாகத் தோன்றும் என்பது செவியின் பலவீனம். ஒலி குறையும்பொழுது தாழ்ந்த சுருதிகள் முதலில் மறைகின்றன என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933 இல் அளந்து காட்டினர். ஆதலால் இரு ஹெட்போன்களை ஒப்பிடுவோர் இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்க வேண்டும். இல்லையேல் உரக்க ஒலிப்பதே வெல்லும். செவிக்குத் தீங்கில்லாத எல்லையாக உலக சுகாதார நிறுவனம் கூறுவது, வளர்ந்தவர்க்கு 80 டெசிபெல் ஒலி வாரத்திற்கு 40 மணி நேரம். குழந்தைகட்கு அதே நேரத்திற்கு 75 டெசிபெல். மூன்று டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 92 டெசிபெலில் வளர்ந்தவர்க்கு வாரத்திற்கு இரண்டரை மணி மட்டுமே. மங்கிய தவளைக் குரலைத் தேடி ஒலியை ஏற்றி வைத்திருக்கும்பொழுது இடி முழங்கினால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கவும். ஏற்றிய ஒலியை ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் இறக்கிவிடும் பழக்கம் வேண்டும்.

பதிவும் தூயதாக இருத்தல் அவசியம். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவு 22,050 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். இரு தடப் பதிவு சுருக்கப்படாவிடில் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு கோடி பைட்டுகளை நிரப்பும். இடத்தை மிச்சம் பிடிக்க எம்.பி.3 ஆகச் சுருக்கினால், மனிதர் கவனிக்கமாட்டார் என்று கருதப்படும் மெல்லொலிகள் நீக்கப்படுகின்றன. அருவியிரைச்சலுக்கு அடியில் பதுங்கிய குரலை நாடும் நமக்கு வேண்டுவதோ அதுவே! கம்பியற்ற ஹெட்போன்களும் பெரும்பாலும் இவ்வாறே ஒலியைச் சுருக்கி அனுப்புகின்றன. ஆராய்ச்சிக்குக் கம்பியுள்ளதே தகும். இடம், வலம் மாறாமல் அணிய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை எனினும், மாறி அணிந்தவர் ஓடைக்கு இக்கரையில் இருந்த பறவையை அக்கரையில் குறித்து வைப்பார்.

எவ்வளவு சிறந்த ஹெட்போனும் முதிர்ந்த செவிக்கு ஈடு செய்யாது. வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் மறைகின்றன. வெட்டுக்கிளி இனங்கள் சிலவற்றின் ஒலியை ஒரு மாணவர் தெளிவாகக் கேட்க, ஐம்பது வயதைக் கடந்த அலுவலர் அதே ஹெட்போனில் ஒன்றுமில்லை என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு பதிவையும் இளையவர் ஒருவரும் மூத்தவர் ஒருவருமாக இருவர் கேட்பதும், கணினித் திரையில் ஒலியின் நிறமாலைப் படத்தை உடன் நோக்குவதும் நலம். மற்றோர் உபாயமும் உண்டு. பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி, 16,000 ஹெர்ட்ஸ் ஒலி 8,000 ஹெர்ட்ஸாகக் கேட்கும். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி கணினியில் இயங்கிக்கொண்டிருந்தால் இது பலிக்காது. அதை முதலில் நிறுத்திவிட வேண்டும். இவ்வாறு கேட்டதைப் பதிவேட்டில் குறிக்கும்பொழுது, பாதி வேகத்தில் கேட்டது என்பதையும், கேட்டவர் இருவரின் வயதையும், எந்த ஹெட்போன் என்பதையும் அருகிலேயே எழுதி வைக்கவும்.