காலையில் போய் மாலையில் திரும்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். வலது தொடை இடுக்கில் வீக்கம். மூட்டை தூக்கினால் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. ஒரே நாளில் பரிசோதனை, ஆபரேஷன், அன்றே வீடு என்று ஒரு மருத்துவமனை விளம்பரம் செய்கிறது. கடையை ஒருநாள்தான் அடைப்பேன் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். சர்க்கரை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். போகலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: நீங்கள் சொல்வது குடலிறக்கம் (ஹெர்னியா) போலிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூடத் தேவையில்லை. நிற்கவைத்து, வீங்கும் இடத்தில் விரலை வைத்து, "இருமுங்க" என்றால் போதும், அது வந்து விரலில் முட்டும். மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அங்கேயும் சின்னதாக ஒன்று இருக்கலாம். சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன்.

ஆபரேஷன் முடிந்த அன்றே வீட்டுக்கு அனுப்புவதும் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1984-இல் தொடங்கிய, வலை (மெஷ்) வைத்துத் தைக்கும் முறையில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியை அன்றே நடக்கவைத்து அனுப்பினார்கள். உங்கள் அப்பாவுக்கும் அதுவே ஏற்றது என்பேன். லேப்ராஸ்கோப்பி என்றால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை.

சிக்கல், இரண்டையும் ஒரே நாளில் கோப்பதில்தான். குளோபிடோக்ரலை வழக்கமாக ஐந்து நாள் முன்பே நிறுத்துவோம், அதுவும் இதய மருத்துவர் சம்மதித்தால்தான். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால் அதற்கும் மூன்று நாள் இடைவெளி வேண்டும். காலையில் எல்லா மாத்திரையும் போட்டுக்கொண்டு போகிறவரை, நிதானமான சர்ஜன் திருப்பி அனுப்பிவிடுவார். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றே கேட்காத இடமாக இருந்தால், நீங்களே திரும்பி வந்துவிடுங்கள்.

ஆகவே இரண்டு வாரம் முன்பே இ.சி.ஜி., எக்கோ, மூன்று மாத சர்க்கரை அளவு, மாத்திரை அட்டைகளின் போட்டோ எல்லாவற்றையும் அந்த மருத்துவமனைக்கு அனுப்பிக் கேளுங்கள். சிறுநீர் முக்கி முக்கிப் போகிறதா என்றும் அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். புராஸ்டேட் வீக்கம் இருந்து, முதுகில் ஊசி போட்டுச் செய்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டு அன்றிரவு அங்கேயே தங்க நேரலாம்.

கடைக்கு ஒருநாள் விடுப்பு போதாது. வலி குறைந்ததும் சில நாளில் கல்லாவில் உட்காரலாம். மூட்டையை நாலு முதல் ஆறு வாரம் வேறு யாராவது தூக்கட்டும். காப்பீடு இருந்தால், 24 மணி நேரம் தங்காத டே-கேர் சிகிச்சையாகவே முன் அனுமதி கேட்கலாம்.

வீக்கம் தானே உள்ளே போகிறவரை இதில் அவசரமில்லை. ஆனால் அது கல்லுபோல் இறுகி, வலித்து, படுத்தாலும் போகாமல் வாந்தியும் வந்தால், விளம்பரத்தையும் அப்பாயின்ட்மென்ட்டையும் விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். குளோபிடோக்ரல் சாப்பிட்டிருக்கிறாரே என்று அன்று தயங்காதீர்கள். அதைச் சொல்லிவிட்டால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.