வளைந்த படியில் கம்பளம்

மாணவர்களே, கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? குன்றைச் சுற்றி வளையும் செடி வரிசைகளில் கீழ்வரிசை நீளம், மேல்வரிசை குட்டை. வளைந்த மாடிப்படிக்குக் கம்பளம் போடுவோருக்கும் இதே கணக்குதான்.

கால்வட்டம் திரும்பும் படிக்கட்டின் உள் ஆரம் 20 செ.மீ., வெளி ஆரம் 100 செ.மீ. என்போம். உள்வில் சுமார் 31 செ.மீ., வெளிவில் 157 செ.மீ. நேரான ஒரே துண்டை விரித்தால் உள்பக்கம் மடிப்பு விழும். இறங்குபவர் கால் அதில் இடறும்.

அதனால் நல்ல வேலையாள் ஒவ்வொரு படிக்கும் தனியாகத் தாளில் அச்செடுத்து வெட்டுவார். மரப்படிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அளவில் சற்று மாறும். கம்பள இழை கீழ்நோக்கிச் சாய வேண்டும். ஒட்டு படி விளிம்பில் வரக்கூடாது, அங்கேதான் தேய்மானம் அதிகம். தாளை வெட்டி நீங்களும் படியில் வைத்துப் பாருங்கள்.