தொட்டிச் செடி துவண்டால்...

இலை தொங்கியதும் தண்ணீர்க் குவளையோடு ஓடாதீர்கள். முதலில் விரலை மண்ணுக்குள் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்து உதிர்ந்தால் தாகம்தான். அடித்துளை வழியே வடியும்வரை நிதானமாக ஊற்றுங்கள், சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

ஈரம் இருந்தும் துவண்டால் வேர் அழுகலாக இருக்கலாம். வீட்டில் ஆளுக்கொரு வேளை ஊற்றினால் இதுதான் நடக்கும்! செடியை மெல்லக் கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து நாறும். அதை வெட்டியெறிந்து, மணல் கலந்த புது மண்ணில் நட்டு, சில நாள் நிழலில் வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

உச்சி வெயிலில் மட்டும் வாடி, மாலையில் தானே நிமிரும் செம்பருத்திக்கு வைத்தியமே வேண்டாம். வாடிய செடிக்கு உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள்; வேர் கருகிவிடும்.