பிழை எந்தப் பகுதியில்?

கேள்வி: அக்கா மகனுக்கு ஏபிஎஸ்-1 நோயாம். சொந்தத்தில் கல்யாணம் செய்ததுதான் காரணமா?
- வாசகி, கடலூர்

பதில்: பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான 'ஏ.ஐ.ஆர்.இ.' மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். சொந்தத்தில் மணந்தால் அந்த வாய்ப்பு கூடும். அதற்காக அக்காவை யாரும் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

1997-இல் கண்டறியப்பட்ட மரபணு இது. இதன் புரதம் தைமஸ் சுரப்பியில் வேலை செய்கிறது. நம் உடலையே தாக்கக்கூடிய டி செல்களை (நோய் எதிர்ப்பு அணுக்களை) அங்கேயே கழித்துக்கட்ட உதவுகிறது. அது பழுதானால் பாராதைராய்டும் அட்ரினலும் தாக்கப்படும். வாயில் பூஞ்சைத் தொற்று விடாமல் வரும்.

545 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தில் தனித்தனி வேலைக்குத் தனித்தனிப் பகுதிகள் (டொமைன்) உண்டு. 'கார்டு' பகுதியால் பல புரதங்கள் ஒன்றுகூடிக் குழுவாகின்றன. 'பிஎச்டி-1' பகுதி துத்தநாகத்தைப் பற்றி வடிவம் பெற்று, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் வாலைப் பிடிக்கிறது. குழுவாக இயங்குவதால், பிஎச்டி-1-இல் சில பிழைகள் ஒரு பிரதியில் இருந்தாலே நல்ல பிரதியையும் முடக்கிவிடும். அப்போது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சொந்தத் திருமணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நோயும் பெரும்பாலும் தாமதமாக, மிதமாக வரும்.

மரபணு அறிக்கையில் பிழை எந்தப் பகுதியில் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டி, பையனின் உடன்பிறந்தவர்களுக்கும் கால்சியம், கார்ட்டிசால் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.