பூட்டுப் போட்ட மரபணு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்பிளான்ட் டிரெயினிங் போனவங்களுக்கு 'லாக்அவுட் டேக்அவுட்' தெரிந்திருக்கும். பழுது பார்க்கும்போது மெஷினின் மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிவிடுவார்கள். மெஷின் அங்கேதான் இருக்கும், ஆனா ஓடாது. நம்ம செல்லுக்குள்ளும் பல மரபணுக்கள் இப்படித்தான் பூட்டப்பட்டிருக்கின்றன.

ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல் மாதிரி சுற்றப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் குரோமாட்டின். ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற வேதிக்குறி ஒட்டியிருந்தால் சுற்று தளரும், மரபணுவைப் படிக்க முடியும். குறியை நீக்கினால் சுற்று இறுகும், மரபணு அமைதியாகிவிடும்.

நல்ல உதாரணம் நம்ம ரத்தம். கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினுக்கு காமா குளோபின் என்ற மரபணு வேலை செய்கிறது. பிறந்தபிறகு பிசிஎல்11ஏ என்ற புரதம் அதன் அருகே உட்கார்ந்து, நியூஆர்டி என்ற புரதக் கூட்டத்தைக் கூப்பிடுகிறது. அது அசிட்டைலை நீக்கி, சுற்றுகளை நகர்த்தி, காமாவைப் பூட்டுகிறது. அந்த வேலையை பீட்டா குளோபின் ஏற்கிறது.

அந்த பீட்டாவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் வருவதுதான் சிக்கிள் செல் நோய். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும், வலி தாங்க முடியாது. தென்னிந்தியாவில் இது 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. பிறந்த சில மாதங்கள் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. காரணம், காமா இன்னும் முழுசா பூட்டப்படவில்லை.

அப்போ பூட்டைத் திறந்தால்? பிசிஎல்11ஏவைக் குறைத்தால் கரு ஹீமோகுளோபின் கூடுகிறது என்று 2008இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழு காட்டியது. ஆனா அந்தப் புரதம் மூளை உள்ளிட்ட மற்ற இடங்களுக்கும் தேவை. அதனால் சிவப்பணுவில் மட்டும் அதைத் தூண்டும் டிஎன்ஏ பகுதியை கிரிஸ்பர் மூலம் வெட்டுகிறார்கள். இந்த முறையில் உருவான காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் அப்போது அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர்!

நீலகிரிக் குடும்பம் ஒன்றுக்கு அது எட்டுமா? கரு ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்ஸியூரியா என்ற விலை குறைந்த மருந்து இருக்கிறது, ஆனா அதைத் தொடர்ந்து எடுக்கணும். பூட்டு எங்கே இருக்கிறது என்று உயிரியல் கண்டுபிடித்துவிட்டது. சாவியை மலிவாகத் தயாரிப்பது இன்ஜினியரிங் கணக்கு. பயோடெக், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்களே, ப்ராஜெக்ட் தலைப்பு தேடும்போது இதையும் யோசிங்க.