மாடி எடுக்கிறோம், யாரிடமெல்லாம் கையெழுத்து வாங்க வேண்டும்?

கேள்வி: இரண்டு தலைமுறையாக இடக்கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. காயலிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி, 1,100 சதுர அடியில் வெட்டுகல் சுவர் வைத்த பழைய ஓட்டு வீடு. ஆதாரம் (வீட்டுப் பத்திரம்) என் மாமியார் பெயரில் இருக்கிறது. மாமனார், மாமியார் இருவரும் காலமாகிவிட்டார்கள். என் மனைவிக்கு இரண்டு அண்ணன்கள், ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். "நீயே கட்டிக்கோம்மா" என்று போனில் சொல்லிவிட்டார்கள். ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டு, மேலே இரண்டு அறை எடுக்க நினைக்கிறோம். ஒரு காண்ட்ராக்டர் 19 லட்சம் கேட்கிறார், 40 சதவீதம் முன்பணம். "வீட்டு ரிப்பேர்தானே, பர்மிட் எல்லாம் வேண்டாம்" என்கிறார். இன்னொரு இன்ஜினியர் 24 லட்சம் சொல்கிறார், அதோடு மண் பரிசோதனை, அனுமதி என்று மூன்று மாதம் இழுக்கிறார். யாரை நம்புவது? பணம் வாங்கியவர் பாதியில் போய்விட்டால் சட்டம் உதவுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், இடக்கொச்சி)

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய கொட்டேஷனைப் படித்தேன். "மேல் மாடி 2 ரூம், 1 பாத்ரூம், டைல்ஸ் பெயின்ட் உள்பட, 19,00,000. அட்வான்ஸ் 40%." இவ்வளவுதான். கீழே ஒரு செல்போன் எண். முழுப் பெயர் இல்லை, முகவரி இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. இதை நம்பி 7,60,000 ரூபாய் கொடுக்கப் போகிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நாளை தகராறு வந்தால், எதைச் செய்ய ஒப்புக்கொண்டார் என்று காட்ட உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

காண்ட்ராக்டர் விஷயத்துக்கு முன்பு, வீடு யாருடையது என்பதை முடிப்போம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, உங்கள் மாமியாரின் சொத்து அவருடைய பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு. அதாவது உங்கள் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். அண்ணன்மார் போனில் சொன்ன சம்மதம் பாசத்தில் சொன்னது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன் பேச்சால் சொத்தில் உரிமை கைமாறாது. நாளை அவர்களில் ஒருவரோ, அவர் காலத்துக்குப் பின் அவர் பிள்ளைகளோ பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீங்கள் கட்டிய பகுதியை உங்கள் பங்கில் சேர்த்துத் தர நீதிமன்றம் முயலும். தந்தே தீரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அதனால் இரு அண்ணன்மாரும் உங்கள் மனைவிக்கு ஒழிமுறி ஆதாரம் (விடுதலைப் பத்திரம்) எழுதி, சப் ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவு செய்யட்டும். குடும்பத்துக்குள் எழுதும் ஒழிமுறிக்குக் கேரளத்தில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. துபாயில் இருப்பவர் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய பவர் பத்திரம் அனுப்பலாம். அவர்கள் பங்கை விட்டுத்தர மனமில்லை, கட்டுவதற்கு மட்டும்தான் சம்மதம் என்றால், அதையும் எழுத்தில் வாங்குங்கள். செலவு யாருடையது, பாகம் பிரிக்கும்போது அதை எப்படிக் கணக்கிடுவது என்பது அதில் இருக்க வேண்டும். இது முடிந்து கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் கைவசச் சான்றிதழும் உங்கள் மனைவி பெயருக்கு வந்தால்தான் பர்மிட் விண்ணப்பமே சுலபமாக நகரும்.

அடுத்தது அந்தப் பர்மிட். கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 2019இல் அனுமதி வேண்டாத வேலைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வெள்ளையடிப்பு, பெயின்ட், பூச்சு, கதவு ஜன்னல் மாற்றுவது, கட்டமைப்பைத் தொடாத உள் அலங்காரம், ஓட்டுக் கூரையில் பாரம் ஏற்றாத சில்லறைப் பழுது, இவைதான் அதில் வரும். ஓட்டைப் பிரித்து கான்கிரீட் தளம் போடுவதும் மேல் மாடி எடுப்பதும் வராது. அதை "ரிப்பேர்" என்று சொன்னவர், ஒன்று விதி தெரியாதவர், அல்லது தெரிந்தே உங்களை மாட்டிவிடுபவர். அனுமதியில்லாமல் கட்டினால் கேரள நகராட்சிச் சட்டத்தின் 406ஆம் பிரிவில் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸ் காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போகாது.

உங்கள் விஷயத்தில் காயல் வேறு இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிக்கை, ஓதம் ஏறி இறங்கும் காயல் கரையில் 50 மீட்டர் வரைக்கும் பொருந்தும். நீங்கள் 40 மீட்டரில் இருக்கிறீர்கள். பக்கத்து மரடில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2006இல் அன்றைய மரடு பஞ்சாயத்து கொடுத்த அனுமதியை நம்பி நான்கு அடுக்குமாடி வளாகங்கள் எழுந்தன. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லை என்று 2019 மே 8இல் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கியவர்கள் யாரும் அந்த விதியை மீறவில்லை, ஆனாலும் வீட்டை இழந்தது அவர்கள்தான்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல, உங்கள் நிலைமை அவ்வளவு மோசமும் இல்லை. சொந்தக் குடியிருப்புக்கான 300 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு, அதே 2019 அறிவிக்கைப்படி உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம், ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. 300 சதுர மீட்டர் என்றால் சுமார் 3,229 சதுர அடி. உங்கள் வீடு மாடியோடு சேர்த்தும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் கடலோர விதிகளின்படி பரிசீலித்த பிறகே கொச்சி மாநகராட்சி அனுமதி தர வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் கே-ஸ்மார்ட் என்ற இணையதளம் வழியாக விண்ணப்பங்கள் போகின்றன. சின்ன வீடுகளுக்குப் பதிவு பெற்ற இன்ஜினியரின் உறுதிமொழியின் பேரில் உடனே பர்மிட் கிடைக்கும் வழியும் அதில் உண்டு. காயலோர வீட்டுக்கு அந்தக் குறுக்குவழி வேண்டாம் என்பது என் கருத்து. அந்த உறுதிமொழியில் வீட்டுக்காரரும் கையெழுத்திடுகிறார், தவறு வந்தால் பொறுப்பு அவருக்கும் உண்டு. மாநகராட்சி பரிசீலித்துத் தரும் அனுமதியையே கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஆளைத் தேர்ந்தெடுப்பது. 24 லட்சம் சொன்ன இன்ஜினியர் மண் பரிசோதனை கேட்டாரே, அந்த ஒன்றுக்காகவே அவரோடு இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள். கொச்சிக் காயலோரத்தில் அடியில் இருப்பது இளகிய களிமண். ஓட்டின் பாரத்துக்கு என்று போட்ட பழைய அஸ்திவாரம் இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாங்குமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பழைய சுவரில் பாரம் ஏற்றலாமா, தனித் தூண் எழுப்ப வேண்டுமா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்டு எழுதித் தரட்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரிடமும் ஒரே வரைபடத்தையும் ஒரே பொருள் பட்டியலையும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். 19க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலைக்கு 18 சதவீதம், கடைசியில் தனியாகக் கேட்டால் லட்சக்கணக்கில் வரும். வரி கேட்பவர் தன் பதிவு எண்ணோடு பில் தர வேண்டும். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. அவர்கள் முன்பு கட்டிய வீடுகளில் புதிதாகப் பால் காய்ச்சியதைப் பார்க்காதீர்கள். இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைப் போய்ப் பாருங்கள்.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதுங்கள். கம்பி எந்த கம்பெனி, எந்த கிரேடு, டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, பாத்ரூமில் தண்ணீர்க் கசிவுத் தடுப்பு எந்த முறையில் என்று இணைப்பில் இருக்கட்டும். முன்பணம் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதியை வேலை முடிந்த கட்டத்துக்குக் கட்டம், வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும் என்று ஒரு ஷரத்து அவசியம். இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிச் சண்டை "எக்ஸ்ட்ரா" என்ற ஒரு சொல்லில்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டாலும் போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, உரிய சான்றிதழோடு அது சாட்சியமாகும். அதனால் போனை மாற்றினாலும் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட நான் வலியுறுத்துவது இது: மொத்தத் தொகையில் 5 முதல் 10 சதவீதம் வரை பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஒரு துலாவர்ஷமும் (வடகிழக்குப் பருவமழை) முடிந்த பிறகே தருவது என்று எழுதுங்கள். உங்கள் ஊர் மழையைப் போல வேலையைச் சோதிக்கும் இன்ஜினியர் கிடையாது. பழைய சுவரும் புதுத் தளமும் சேரும் இடத்தில் ஒழுகினால், அந்தப் பணம் உங்கள் கையில் இருந்தால் ஆள் வருவார். முழுத் தொகையும் போய்விட்டால் போனே எடுக்க மாட்டார். வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு எடுப்பது காண்ட்ராக்டர் பொறுப்பு என்பதையும் சேருங்கள்.

சுமை இறக்கும் இடத்தில் யாராவது வேலை செய்யாமல் நோக்குகூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2018 மே 1 முதல் கேரளத்தில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது.

பணம் வாங்கியவர் பாதியில் போனால்? வீடு கட்டுவது சேவை என்று 1993லேயே உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவையாகவே சேர்த்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். காண்ட்ராக்டர் வேறு மாவட்டத்துக்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்" என்று அச்சடித்திருந்தாலும் உங்கள் வழி அடைபடாது. 2018இல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. போலீஸில் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும், பெரும்பாலும் அது சிவில் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆள் வேலையை நிறுத்தியதும் முதலில் பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். உடனே இன்னொருவரை விட்டு வேலையை முடித்துவிடாதீர்கள், பழையவர் எது வரை செய்தார் என்பதே தெரியாமல் போகும். ஆணையத்தில் மனு போட்டு, வேலையின் நிலையை அளந்து அறிக்கை தர நிபுணர் கமிஷனரை நியமிக்கக் கேளுங்கள். அவர் வந்து பார்த்த பிறகு மீதி வேலையைத் தொடங்கலாம். மனுவுக்குக் கெடு, பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. "அடுத்த மாதம் வருகிறேன்" என்று அவர் போனில் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடாது.